பெரியவர் ஒருவர், பிள்ளைகள் இல்லை

பாடசாலைகளின் மார்ச் விடுமுறைக்குக் கப்பலில் போவதென்று தங்கை வீட்டில் முடிவாகியது. புளோரிடாவின் போர்ட் கனாவெரல் துறைமுகத்தில் ஏறி, பஹாமாஸ் தீவுகள் பக்கம் போய்த் திரும்பும் ஏழு இரவுப் பயணம். "முழுக்கப் பிள்ளையளுக்கான கப்பல், அக்கா. உங்களுக்கு அலுப்பாயும் இருக்கலாம். ஆனால் நீங்கள் வராட்டி இதுகள் ரெண்டும் என்னை விடாதுகள்" என்றாள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. இருவருக்கும் நான் பெரியம்மா.

நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. எனவே எனக்கென்று தனி அறை எடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் இருந்த படிவம் முதலில் இரண்டு கேள்விகள் கேட்டது: பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர். ஒன்று, பூச்சியம் என்று நிரப்பினேன். வந்த தொகை, இரண்டு பெரியவர்கள் கட்டும் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். கப்பல் அறைகளின் விலையை இருவர் தங்குவதாக வைத்தே கணக்கிடுகிறார்கள். தனியே போகிறவர் காலியாகக் கிடக்கும் மற்ற இடத்துக்கும் சேர்த்துக் கட்டுவது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். இதற்கு முந்தைய பயணத்தில் அம்மாவும் நானும் ஓர் அறை. அம்மா காலமான பிறகு இது முதற் பயணம். அவர் படுத்திருக்க வேண்டிய இடத்துக்கும் நானே காசு கட்டினேன்.

வேலையிடத்தில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்பவர் ஒருவர் கேட்டார்: "பிள்ளைகளின் கப்பலில் உனக்கு என்ன வேலை? பெரியவர்களுக்கென்றே கப்பல்கள் இருக்கின்றனவே?" அக்கறையோடுதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி பயணம் முழுவதும் என்னோடு வந்தது. குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட ஓரிடத்தில் பிள்ளை இல்லாத ஒருவருக்கு என்ன உரிமை? அவருக்கும் வசதி செய்து கொடுப்பது அந்த இடத்தின் கடமையா, அல்லது வேறிடம் பார்த்துப் போவது அவருடைய கடமையா?

வணிக உலகம் இதற்குத் தன் பதிலை முன்னரே சொல்லிவிட்டது. டிஸ்னி நிறுவனத்தின் முதற் கப்பலான 'டிஸ்னி மேஜிக்' 1998இல் கடலில் இறங்கியபோதே, பெரியவர்களுக்கு மட்டுமான நீச்சல் குளமும் பாலோ என்ற உணவகமும் அதில் இருந்தன. அந்த நிறுவனம் பஹாமாசில் வைத்திருக்கும் காஸ்ட்அவே கே தீவில் பெரியவர்களுக்கென்று ஒரு கடற்கரை தனியாக உண்டு. 2024 ஜனவரியில் முதற் பயணம் போன 'ஐகன் ஒஃப் த சீஸ்' என்ற பெருங்கப்பலில் சின்னப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஒரு பகுதி, பெரியவர்களுக்கு இன்னொரு பகுதி. பிள்ளைகளையே ஏற்றாத கப்பல்களும் இருக்கின்றன. பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்க்கேடியா அப்படியானது. 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வெர்ஜின் வோயேஜஸ் கப்பல்களிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை.

ஆக, பெரியவர்களுக்கு இடம் ஒதுக்கலாமா என்ற கேள்வி தீர்ந்துபோன ஒன்று போலத் தோன்றும். நாங்கள் போன கப்பலிலும் அப்படி ஒரு தளம் இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் புத்தகமும் கையுமாக அங்கே போனேன். போன பிறகுதான் அது எனக்காகக் கட்டப்பட்டதல்ல என்பது புரிந்தது. அங்கே சாய்ந்திருந்தவர்களில் அநேகர் தாய் தகப்பன்மார். பிள்ளைகளைச் சிறுவர் அறையில் விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் மூச்சுவிட வந்தவர்கள். மூச்சுவிட வந்தவர்கள் பேசியதும் பிள்ளைகளைப் பற்றித்தான். ஒருவருடைய மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது, இன்னொருவருடைய மகள் இரவில் எழுந்து நடக்கிறாள். பக்கத்துச் சாய்கதிரையில் இருந்த பெண் சிரித்தபடி என்னிடம் திரும்பி, "உங்களுடையவர்களுக்கு எத்தனை வயது?" என்று கேட்டார்.

அது பண்பான கேள்வி, அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர்களுக்கான இடம் என்பதும் பிள்ளை இல்லாதவர்களுக்கான இடம் என்பதும் வேறு வேறு என்பதை அது எனக்குக் காட்டியது. முன்னது பெற்றோருக்கான ஓய்வு. பிள்ளைகளின் சத்தத்திலிருந்து தப்ப விரும்புகிறவருக்கு அது போதும். நான் அந்தச் சத்தத்துக்காகவே போயிருந்தேன்.

என் பக்க நியாயத்தைப் பேசுவதற்கு முன்னர் பிள்ளைகளின் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கென்று பெயர் சொல்லி ஓரிடத்தைத் திறந்தால், அங்கே முதல் வாக்குறுதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சாப்பாட்டு அறையில் ஆறு மணிக்கே கூச்சல் எழும், நீச்சல் குளத்தில் தண்ணீர் முகத்தில் அடிக்கும், மேடையில் நடக்கும் ஆட்டம் ஏழு வயதுக்காரரின் பொறுமைக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கும். அங்கே போய் அமைதி கேட்கும் பெரியவர், கல்யாண வீட்டில் மேளத்தை நிறுத்தச் சொல்கிறவரைப் போன்றவர். பெரியவரின் வசதியும் பிள்ளையின் வசதியும் மோதினால் பிள்ளையின் பக்கமே தீர்ப்பு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் எழுவது அவை மோதாத இடங்களில்.

புறப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. 2012இல் இத்தாலியக் கரையோரம் கொஸ்தா கொன்கோர்டியா கவிழ்ந்த பின்னர் இந்த விதி இறுகியது. பயணிகளுக்கான பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்திவிட வேண்டும். ஆபத்து வந்தால் யார் எங்கே கூடுவது என்பதற்கு ஒவ்வோர் அறைக்கும் ஓர் எழுத்துக் குறித்த இடம் உண்டு. என் அறை வேறு தளத்தில் இருந்ததால் எனக்கு வேறு எழுத்து. சின்னவள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டாள்: "அம்மா, கப்பல் தாண்டா பெரியம்மா வேற போட்டிலயோ?" தங்கைக்கு உடனே பதில் வரவில்லை. "நான் மற்றப் போட்டில வந்து உங்களைப் பிடிப்பன்" என்றேன். அவள் நம்பினாள். அறை இருக்கும் இடத்தை வைத்துத்தான் எழுத்து, உறவை வைத்து அல்ல. அந்த ஒழுங்கு சரியானது. ஆனால் பதிவு செய்யும்போது "இந்த அறை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது" என்று சொல்ல ஒரு வரி இருந்திருந்தால், யாருக்கும் ஒரு சதமும் செலவில்லாமல் அந்தப் பிள்ளையின் கேள்வி எழாமலே போயிருக்கும்.

மூன்றாம் நாள் இரவு தங்கையும் கணவரும் தனியாகச் சாப்பிடப் போனார்கள். சின்னவளைச் சிறுவர் அறையிலிருந்து கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்ற இளம்பெண் பட்டியலைப் பார்த்தாள். என் பெயர் இல்லை. உள்ளேயிருந்து சின்னவள், "அது என்ர பெரியம்மா!" என்று கத்தினாள். இளம்பெண் மன்னிப்புக் கேட்டாள், கதவைத் திறக்கவில்லை. தங்கை ஓடி வரும்வரை பத்து நிமிடம் அங்கே நின்றேன். போகிற வருகிற பெற்றோர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

அந்தப் பெண் செய்தது சரி. பிள்ளை ஒருவரை அடையாளம் காட்டுவது அனுமதி ஆகாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்களே. தங்கை வந்ததும் படிவத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள், எனக்கு ஓர் இரகசியச் சொல்லும் தந்தார்கள். இரண்டு நிமிட வேலை. அடுத்த நாளிலிருந்து அதே பெண் என்னைப் பெயர் சொல்லி வரவேற்றாள். கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனால் பெற்றோர் அல்லாத ஒருவரும் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கலாம் என்பதை அந்தப் படிவத்தைச் செய்தவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். எழுதுவதற்கு ஒரு கோடு விட்டிருந்தார்.

அந்தக் கோடு இல்லாத ஒரு படிவத்தை நான் முன்பு நிரப்பியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு மாமி இருந்தார், அப்பாவின் மூத்த சகோதரி. பிள்ளைகள் இல்லை. கணவர் இளவயதில் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்தவர். அப்பா போன பின்னர் அம்மா பாடசாலைக்குப் படிப்பிக்கப் போவார், தங்கையை வளர்த்தது மாமிதான். தங்கைக்குத் தலை இழுத்ததும், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும், 1995 ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவள் கையை விடாமல் பிடித்து வந்ததும் அவர். நான் அப்போது ரொறன்ரோவில் இருந்தேன். அம்மாவையும் வயது குறைந்த தங்கையையும் அழைக்க விண்ணப்பித்தேன். மாமிக்கு அதில் இடமில்லை. கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் குடும்பம் என்றால் துணை, பிள்ளை, பெற்றோர், பேரன் பேத்தியைக் கண்ட பாட்டன் பாட்டி. பெற்றோரை இழந்த சிறு வயதுச் சகோதரருக்கும், மருமக்களுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் இடமுண்டு. தகப்பனின் சகோதரிக்கு இல்லை. நெருங்கிய உறவென்று ஒருவருமே இல்லாதவர் வேறோர் உறவினரை அழைக்க விதியில் ஒரு சிறு வாசல் உண்டு. அம்மாவும் தங்கையும் இருந்ததால் எனக்கு அதுவும் இல்லை. குடும்பம் இருந்தபடியால் குடும்பத்தில் ஒருவரை அழைக்க முடியாமற் போனது.

மாமி அங்கேயே இருந்தார். காசு அனுப்பினோம், தொலைபேசியில் பேசினோம். 2004இல் இறந்தார். தங்கை அழுத அழுகையைப் பார்த்த கனடிய அயலவர், "அம்மாவா?" என்று கேட்டார். "இல்லை, அத்தை" என்றோம். அவருக்கு அந்த அழுகையின் அளவு புரியவில்லை.

பத்திரங்களின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் மண்டபங்களில் நடக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களில் ஆலாத்தி எடுக்கச் சோடி சோடியாகப் பெண்களை மேடைக்கு அழைப்பார்கள். கணவனும் பிள்ளையும் உள்ளவர்கள் போவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சேலை தெரிவு செய்ய மூன்று கடை ஏறி இறங்கிய நான் கீழே கதிரையில் இருந்து கைதட்டுவேன். என்னை யாரும் வெறுக்கவில்லை. பட்டியல் போட்டவருக்கு என் பெயர் நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். மாமியும் ஊரில் அப்படித்தான் பின்வரிசையில் நின்றிருப்பார். அதை நான் அப்போது கவனித்ததே இல்லை.

வட அமெரிக்காவில் இப்போது இன்னொரு ஏளனம் பரவியிருக்கிறது. பிள்ளை இல்லாமல் டிஸ்னி பூங்காக்களுக்கும் கப்பல்களுக்கும் போகும் பெரியவர்களை 'டிஸ்னி அடல்ட்ஸ்' என்று கேலி செய்வது. வளராதவர்கள், பிள்ளைகளின் வரிசையில் இடம் பிடிப்பவர்கள் என்று குற்றச்சாட்டு. இடம் குறைவாக இருந்து பிள்ளை ஒன்று காத்துநின்றால் பெரியவர் ஒதுங்கத்தான் வேண்டும், அதை மேலே ஒப்புக்கொண்டேன். மற்றபடி, தகப்பன் ஒருவர் எலிக்காது வைத்த தொப்பியோடு திரிந்தால் நல்ல அப்பா என்கிறோம். அதே தொப்பியைப் பிள்ளையில்லாதவர் போட்டால் ஏன் என்று கேட்கிறோம். மகிழ்ச்சிக்குக் காரணம் காட்ட வேண்டியவர் ஒருவர், காட்ட வேண்டாதவர் இன்னொருவர். எனக்குச் சரியாகப் படாதது இந்த வேறுபாடுதான்.

பயணத்தின் நடுவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் கப்பலில் பிள்ளையோடு இல்லாத பெரியவர்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால், என் போன்ற பயணிகள் மிகச் சிறிய தொகை. பெரிய தொகை பணியாளர்கள். இவ்வகைக் கப்பல்களில் பயணிகள் ஆயிரக்கணக்கில் என்றால் பணியாளரும் நூறுகளைத் தாண்டி ஆயிரத்தைத் தொடுவார்கள். பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா என்று பல நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். என் அறையைத் துப்புரவு செய்தவர் மணிலாவுக்கு அருகே ஓர் ஊரைச் சேர்ந்தவர். தங்கையின் அறையில் ஒவ்வோர் இரவும் துவாயை மடித்து ஆமை, குரங்கு, முயல் என்று செய்து வைப்பார். தன் மகளுக்கு எட்டு வயது என்றும், அவளுடைய கடைசி இரண்டு பிறந்தநாள்களிலும் தான் கடலில் இருந்ததாகவும் சொன்னார். யாரோ ஒருவருடைய பிள்ளையின் சிரிப்புக்காகத் தன் பிள்ளையை விட்டுவந்தவர். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. 24 மணித்தியாலத்தில் 14, ஒரு வாரத்தில் 72 என்ற உச்ச வேலை நேரம், அல்லது அதற்கு ஒப்பான கட்டாய ஓய்வு நேரம், இரண்டில் ஒன்றை நாடுகள் விதிக்க வேண்டும் என்கிறது அது. அந்த உச்சமே எவ்வளவு நீளம் என்று யோசித்தால், குடும்ப விடுமுறை என்ற சொல்லின் அடியில் எத்தனை குடும்பங்களின் பிரிவு கிடக்கிறது என்பது தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, அழைப்புக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாலாம் இரவு அறைக்குத் திரும்பியபோது என் கட்டிலின் மறுபாதியில் ஒரு துவாய் யானை இருந்தது. பிள்ளைகளின் அறைகளில் மட்டும்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் நன்றி சொன்னேன். "உங்கள் மருமகள்தான் கேட்டாள்" என்றார். ஆங்கிலத்தில் சகோதரனின் பிள்ளையும் சகோதரியின் பிள்ளையும் ஒன்றுதான். தமிழில் அவள் எனக்கு மகள். நான் திருத்தவில்லை.

கேட்ட கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். குடும்பங்களுக்கான கப்பல் பிள்ளை இல்லாதவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டுமா? வேண்டும். ஆனால் அந்த இடம் இன்னொரு நீச்சல் குளமாகவோ மதுச்சாலையாகவோ இருக்க வேண்டியதில்லை, அவை ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன. படிவத்தில் ஒரு கோடு, குடும்பத்தோடு சேர்த்து ஒரு மேசை, ஆபத்தில் ஒரே எழுத்து. அதோடு ஒரு நியாயமான கட்டணம். அறை ஒன்றுதான், ஒருவர் தங்கினாலும் அதன் விலை அதுதான் என்பது பொய்யான வாதமல்ல. அப்படியானால் ஒருவருக்கான அறையைக் கட்டலாம். 2010இல் 'நோர்வீஜியன் எபிக்' தனியாக வருபவர்களுக்கென்று 128 சிற்றறைகளோடு வந்தது. பெரிய குடும்பங்களுக்கான அறைகளின் பக்கத்தில் அப்படிச் சில சிற்றறைகளை வைக்கச் சொல்கிறேன். பேத்தியோடு வரும் விதவைப் பாட்டிக்கும் அது உதவும், மணமாகாத சித்தப்பாவுக்கும் உதவும்.

பிள்ளை இல்லாதவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் உண்டு. பிள்ளைகளின் இடத்தில் பிள்ளைகளைப் பிள்ளைகளாக இருக்க விடுவது, பூட்டிய கதவைக் கண்டால் கோபப்படாமல் நிற்பது. அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கசந்தது. ஆனால் அந்தக் கதவு எவருக்கும் உடனே திறக்கும் கதவாக இருந்தால் என் தங்கையின் பிள்ளையை அங்கே விட நானே சம்மதித்திருக்க மாட்டேன்.

வரும் மார்ச்சுக்கும் தங்கை பதிவு செய்திருக்கிறாள். இந்த முறை தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசி, நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகளை எடுத்திருக்கிறாள். எனக்குக் கட்டணம் இன்னமும் இருவருக்கானதுதான். பத்திரம் வந்த அன்று சின்னவள் அதை வாங்கி விரலால் தேடிப் பார்த்தாள். இரண்டு அறைகளுக்கும் ஒரே எழுத்து. "இப்ப சரி, பெரியம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.